இருநூறு ஓம்

நவம்பர் 6

மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். புது ஊர், புது வேலை, கையில் சம்பளம். குறை என்ன இருக்கப்போகிறது?

உனக்குக் கடிதம் எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. பொரிப்புப் பெட்டிதான் எழுத வைத்துவிட்டது. நீ ஊரைவிட்டுப் போன மாதத்திலிருந்து அது சூடு பிடிப்பதில்லை. போன தடவை அடுக்கிய முட்டைகளில் பாதிக்கு மேல் கூழாகிவிட்டன. பொரிந்தவையும் கால் ஊன்ற முடியாமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தன. கோழிப்பண்ணைக்காரர் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க குஞ்சா இதெல்லாம்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை.

ஒயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி, சூடு கொடுக்கிற கம்பிச்சுருளான காயிலைப் பார்த்தான். "நல்ல காயில யாரோ உருவிட்டு, மட்டமானதப் போட்டுவிட்ட மாதிரி இருக்கே" என்றான். யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் மகன் பலகை அறுத்து, இழைத்து, ஆணி அடித்துச் செய்த பெட்டி அது. அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாக என் வயிற்றைக் கழுவுகிறது. நம் இரண்டு பேர் வயிற்றையும் கழுவியது என்றும் சொல்லலாம். அதன் காயிலை நீதான் மாட்டினாய். அதைக் கழற்றத் தெரிந்தவளும் இந்த வீட்டில் நீ ஒருத்திதான். உன் புது ஹீட்டர் கம்பெனியில் மாதிரி காட்டுவதற்கு எடுத்துப் போயிருந்தால், காட்டி முடித்ததும் அனுப்பிவிடு.

அத்தை

*

நவம்பர் 12

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டே படித்தேன். படித்த பிறகு வேலைக்குப் போகத் தோன்றவில்லை. போனேன். ஒரு காயிலைத் தப்பாகச் சுற்றி மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினேன்.

நான் எதையும் கழற்றவில்லை. கிளம்பிய அன்று என் பையில் நான்கு புடவையும் ஒரு போர்வையும்தான் இருந்தன. நீங்கள் முட்டைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தீர்கள். "போய்ட்டு வரேன் அத்தை"ன்னு சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தால் அப்போதே திறந்து காட்டியிருப்பேன்.

உங்களைக் கூப்பிடச் சொல்லி நம் தெரு மருந்துக்கடைக்கு இரண்டு முறை போன் செய்தேன். "அவங்க வர மாட்டேங்குறாங்கம்மா. முட்டை வேலை இருக்காம்" என்றார் கடைக்காரர். சரி, எழுதுகிறேன்.

அந்தக் காயில் நான் என் கையால் சுற்றியது. கல்யாணத்துக்கு முன்னால் ஹீட்டர் ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட வேலை. கம்பியை அளந்து, சுற்றி, சோதித்துப் பார்த்துத்தான் உங்கள் மகனிடம் கொடுத்தேன். அதன் எதிர்ப்பு இருநூறு ஓம். எதிர்ப்பு என்றால், மின்சாரம் தன் வழியாகப் போவதை அந்தக் கம்பி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. இந்த வகைக் கம்பியில் சூடு ஏறினாலும் அது பெரிதாக மாறாது. நான் எடுத்துவிட்டு வேறு எதையாவது மாட்டியிருந்தால் அந்த எண் மாறியிருக்கும்.

ஒயர்மேன் கண்ணால் பார்த்துச் சொன்னதை நீங்கள் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரு மீட்டர் அனுப்புகிறேன். இரண்டு முனையையும் பிளக் பாயிண்டில் வைத்தால் எத்தனை வோல்ட் வருகிறது என்று காட்டும். முனையின் பிளாஸ்டிக் பகுதியை மட்டும்தான் பிடிக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். மீட்டரின் தலையில் நண்டுக்கொடுக்கு மாதிரி ஒரு கிடுக்கி இருக்கும். அதைத் திறந்து, பெட்டிக்குப் போகும் வயரைச் சுற்றி மூடினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது பெட்டிக்குள் எவ்வளவு சூடு இறங்குகிறது என்ற கணக்கு. இவ்வளவுதான். ஜாக்கெட்டுக்குத் துணி கணக்குப் போடுவதைவிடச் சுலபம்.

வகுத்து வருகிற எண்ணை எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

நவம்பர் 20

மருமகளுக்கு,

பார்சல் வந்தது. மீட்டரும் வந்தது. வோல்ட் காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். நண்டுக்கொடுக்கைத் திறந்து வயரைக் கவ்வ வைத்தேன். பூஜ்ஜியம். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கவ்வ வைத்தேன். அங்கேயும் பூஜ்ஜியம். பெட்டியின் உள்ளே காயில் சூடாகத்தான் இருக்கிறது, கையை நீட்டினால் தெரிகிறது. உன் மீட்டரோ ஒன்றுமே ஓடவில்லை என்று சாதிக்கிறது. வீட்டைவிட்டுப் போவதற்கு முந்தின ஒரு மாதம் நீ இருந்த மாதிரியே இருக்கிறது அதுவும். எங்கே தொட்டாலும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.

பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே உன் கணக்கு அப்படியே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை புது முட்டை அடுக்கிவிட்டேன். பெட்டி இப்படி இருக்கும்போது எதற்கு என்று கேட்பாய். பண்ணைக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பெட்டியைச் சுற்றிப் பழைய மெத்தையைக் கட்டி வைத்திருக்கிறேன். பார்த்தால் வயிற்றுவலிக்காரி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். பார்சலின் மேல் முகவரி எழுதியிருப்பது உன் கையெழுத்து இல்லை. உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இது நிதானமான, பெரிய எழுத்து. "அம்மா அவர்கள்" என்று வேறு போட்டிருக்கிறது. யார் எழுதியது?

அத்தை

*

நவம்பர் 26

அன்புள்ள அத்தைக்கு,

பூஜ்ஜியம் என்று படித்ததும் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைப் பெண் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். தப்பு என்னுடையது, சரியாகச் சொல்லவில்லை. பெட்டிக்குப் போகும் வயருக்குள்ளே இரண்டு வயர் இருக்கிறது. ஒன்றில் மின்சாரம் போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மீட்டருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மேலே இருக்கிற கறுப்பு உறையை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, உள்ளே இருக்கும் சிவப்பு வயரை மட்டும் வெளியே எடுங்கள். சிவப்பு உறையில் கத்தி படக் கூடாது. பிறகு பிளக்கை மாட்டி, சிவப்பை மட்டும் கவ்வ வையுங்கள்.

ஒரே ஒரு தடவை பார்த்தால் போதாது. வேலை நாளில் ஒரு தடவை பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பாருங்கள். பாதி முட்டை கூழாகி மீதி பொரிந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, பெட்டி ஒரு நாளைப் போல ஒரு நாள் இருப்பதில்லை என்று தோன்றியது.

மெத்தை கட்டியது நல்ல யோசனை. காற்றுத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள்.

பார்சல் கட்டியவர் இங்கே மீட்டர்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறார். மீட்டரைச் சரிபார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். நன்றாகப் பார்சல் கட்டுவார். வழியில் உடையக் கூடாது என்று உள்ளே பஞ்சு வைத்தார். வயரை ஒரு சாண் பிளந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். பிளந்த இடத்தில் வேலை முடிந்ததும் டேப் சுற்றிவிடுங்கள்.

உங்கள் மருமகள்

*

டிசம்பர் 4

மருமகளுக்கு,

எழுதிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை: 230 வோல்ட். 1.15 ஆம்பியர். வகுத்தால் 200. பெருக்கினால் 264 வாட், மேலே கொஞ்சம்.

திங்கள்கிழமை மாலை: 170 வோல்ட். 0.85 ஆம்பியர். வகுத்தால் 200. பெருக்கினால் 144, மேலே கொஞ்சம்.

திங்கள்கிழமைக் கணக்கை மூன்று தடவை போட்டேன். முதல் தடவை மனசிலேயே போட்டேன், அடுத்த தடவை காகிதத்தில். மூன்றாவது தடவை மருந்துக்கடைக்காரரின் கால்குலேட்டரை வாங்கிப் போட்டேன். "என்னம்மா, கடைய விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

இருநூறு. இரண்டு நாளும் இருநூறு.

நீ சுற்றிய காயில்தான் உள்ளே இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஓம் மாறவில்லை, வோல்ட்தான் இறங்குகிறது. வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் கூடவே இறங்குகிறது. இரண்டும் இறங்கினால் பெருக்கி வருவது ஒரேயடியாகப் படுத்துவிடுகிறது. வோல்ட் கால்வாசிதான் குறைந்தது, சூடு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஏன் இறங்குகிறது என்றும் தெரிந்துவிட்டது. நீ போன பிறகு பின்தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை வந்திருக்கிறது. காலையில் திறந்தால் இரவு மூடும்வரை பொறி பறக்கிறது. அவர்கள் கம்பியை வைத்து இழுக்கும்போதெல்லாம் நம் வீட்டு பல்பு கண் சிமிட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அதனால்தான் ஞாயிறு மட்டும் பெட்டி ஒழுங்காக இருக்கிறது.

ஒயர்மேன் ஒரு வழி சொல்கிறான். "காயில பாதியா வெட்டிட்டா ஓம் பாதியாயிடும். ஆம்பியர் ரெண்டு மடங்கு இழுக்கும். சூடு அள்ளிக்கிட்டு வரும்மா" என்கிறான். நான் வகுத்துப் பார்த்தேன். நூறு ஓம் என்றால், 170 வோல்ட்டுக்கு 1.7 ஆம்பியர், 289 வாட். அவன் சொல்வது சரியாகத்தான் வருகிறது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறோ திங்களோ குஞ்சு வெளியே வர வேண்டும். கடைசி நேரத்தில் சூடு விட்டுப்போனால் எல்லாம் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

பஞ்சு வைத்து பார்சல் கட்டுகிறவருக்கு வயது என்ன?

அத்தை

*

டிசம்பர் 7, வெள்ளி

அத்தை,

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். மருந்துக்கடைக்கு இன்று காலை போன் செய்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அரை மணி கழித்துச் செய்தபோது நீங்கள் வரவில்லை என்றார். நாளைக்கும் செய்வேன். ஆள் வழியாகச் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், கணக்கோடு நானே சொல்ல வேண்டும். தயவுசெய்து வாருங்கள்.

காயிலை வெட்ட விடாதீர்கள்.

திங்கள்கிழமைக்கு உங்கள் கணக்கு சரி. ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டுப் பாருங்கள். பட்டறை மூடியதும் 230 வோல்ட் வந்துவிடும். நூறு ஓமுக்கு 2.3 ஆம்பியர், 529 வாட். வெட்டாத காயிலுக்கு எது அதிகபட்சமோ அதைப் போல இரண்டு மடங்கு. அதுவும் பாதி நீளக் கம்பியில். செங்கல் மாதிரி சிவந்துவிடும்.

சூடு போதுமானதும் தெர்மோஸ்டாட் தானாக அணைத்துவிடுமே என்று ஒயர்மேன் சொல்வான். அந்தத் தெர்மோஸ்டாட் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் இரண்டு சின்னப் பித்தளைப் பொட்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பிறகு அணையவே அணையாது. பெட்டி மரம். சுற்றி மெத்தை.

இன்னொரு மெத்தையைக் கட்டுங்கள். வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். இந்த ஒரு தடவை அப்படி ஓட்டிவிடலாம். மின்சார அலுவலகத்தில் மனு கொடுத்தால் வோல்ட்டையே சரிசெய்ய முடியும்.

இதை இத்தோடு மடித்துப் போட்டுவிடலாம். அவருக்கு வயது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் எழுதாமல் மடித்தால் நீங்கள் சொன்ன பூஜ்ஜியம்தான் நான்.

முப்பத்தெட்டு. மனைவி இறந்துவிட்டார். ஏழு வயதில் ஒரு மகள். ஊரில் இருக்கும்போதே எனக்கு அவரைத் தெரியும். உங்கள் மகன் போன பிறகு நான் மறுபடியும் அவ்வப்போது வேலைக்குப் போன ரிப்பேர்க் கடைக்கு மீட்டர் சோதிக்க வருவார். இந்த வேலைக்குச் சொல்லிவிட்டதும் அவர்தான். சென்ற மாதம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்டார். "எங்க அத்தைகிட்ட சொல்லாம பதில் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்கவில்லை.

ஊரில் இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். தினமும் சாப்பிட உட்காரும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். எதிரே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், உங்களுக்குப் பின்னால் சுவரில் உங்கள் மகன் படம் இருக்கும். சொல்ல வராது. அதனால்தான் வேலை கிடைத்ததாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேலை கிடைத்தது பொய்யில்லை.

வெட்ட வேண்டாம் அத்தை. கெஞ்சிக் கேட்கிறேன்.

*

டிசம்பர் 12

மருமகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. வலது உள்ளங்கை கொஞ்சம் வெந்துவிட்டது. மருந்துக்கடைக்காரரே களிம்பு போட்டுக் கட்டிவிட்டார். மருத்துவமனைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார்.

நீ போன் செய்தாய் என்று வெள்ளிக்கிழமை ஆள் வந்தது. "அதான் எழுதுறாளே, எழுதட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமையும் ஆள் வந்தது. அப்போது ஒயர்மேன் காயிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டி மாட்டியதும் பெட்டி அரை மணியில் சூடு பிடித்தது. அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். சாயந்தரம் பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு ஏழெட்டு. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, கருகல் வாடை பொறுக்காமல் எழுந்தேன். மெத்தை ஒரு பக்கம் புகைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். காயில் நீ எழுதியிருந்த மாதிரியே செங்கல்லாக இருந்தது. ஆனால் நீ எழுதியது எனக்குத் திங்கள்கிழமைதான் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெத்தையைக் கையால் இழுத்துப் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். பெட்டியின் வலது பக்கப் பலகை கரியாகிவிட்டது. மற்றப் பக்கமெல்லாம் நிற்கிறது.

ஒன்றுகூடத் தேறவில்லை. சில முட்டைகளில் மூக்கு நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

ஒயர்மேன் வந்து பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நான் ஞாயித்துக்கிழமைய நெனைக்கவே இல்லம்மா" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெருக்கிப் பார்த்தது நான்தானே? திங்களுக்குப் பெருக்கிய கை ஞாயிறுக்கும் பெருக்கியிருக்க வேண்டும். மனசு எந்தப் பதிலைக் கேட்க ஆசைப்படுகிறதோ அந்தக் கணக்கை மட்டும்தான் போடுகிறது.

உன் விரைவுத் தபாலில் காயில் இருக்கிற பாதியைப் படித்தேன். அடுத்த பாதியின் முதல் வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். இன்னும் பிரிக்கவில்லை.

அத்தை

*

ஜனவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று இரவு பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன்.

பத்து நாள் உங்களோடு இருந்தேன். உங்கள் கட்டைப் பிரித்து மருந்து போட்டேன். தலை வாரிவிட்டேன். கரிந்த பலகையைக் கழற்றிவிட்டு, தச்சரை வைத்துப் புதுப் பலகை போட்டோம். நான் சுற்றிக்கொண்டு வந்த புதுக் காயிலை மாட்டினோம். நீங்களே கிடுக்கியை வைத்துப் பார்த்து, வகுத்து, "இருநூறு" என்று சொன்னீர்கள். மின்சார அலுவலகத்துக்குச் சேர்ந்து போனோம். அங்கே மனு வாங்கிக்கொண்ட அம்மா, "எங்க வீட்லயும் மிக்ஸி ஓட மாட்டேங்குதும்மா, நானே யார்கிட்ட மனு குடுக்கறதுன்னு தெரியல" என்று சொன்னபோது நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன். ஒரே அறையில் படுத்தோம். எல்லாவற்றையும் பேசினோம்.

அதை மட்டும் நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கடிதம் மாடத்தில் மடித்தபடியே இருந்தது. தினமும் விளக்கை அணைக்கும்போது பார்த்தேன். ஒரு நாள் பாதி பிரிந்த மாதிரி தெரிந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

பஸ் ஏறும்போது இந்த முறை நீங்கள் நிறுத்தம்வரை வந்தீர்கள். என் பையை நீங்களே தூக்கிக் கொடுத்தீர்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று வழி முழுக்க யோசித்தேன்.

எதிரே உட்கார்ந்தால் நம் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அதனால் மறுபடியும் எழுதித்தான் கேட்கிறேன். அந்தப் பாதியையும் படித்துவிடுங்கள். நீங்கள் வேண்டாம் என்று எழுதினால் அவரிடம் அப்படியே சொல்லிவிடுவேன். அவர் கோபப்பட மாட்டார். எனக்கு வருத்தமாக இருக்கும். அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

புதுத் தெர்மோஸ்டாட்டை வாரம் ஒரு முறை துடைத்து வையுங்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 9

அம்மாடி,

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். திட்டு. முட்டை அடுக்கியிருந்தேன், பொரியட்டும் என்று காத்திருந்தேன். அது ஒரு சாக்கு. அது உனக்கும் தெரியும்.

முதலில் பெட்டிக் கதை. லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறி, பட்டறைக்குப் போகிற கம்பியிலிருந்து நம் வீட்டைப் பிரித்து, பக்கத்துக் கம்பியில் இணைத்துவிட்டார். வேலை நாளிலேயே இப்போது 225 வோல்ட் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்காமல் விட மாட்டேன். குஞ்சுகள் நேற்று முன்தினம் வெளியே வந்தன. பண்ணைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்தார், அது அவர் விரலைக் கொத்தியது. "ஆங், இதுதான் உங்க குஞ்சு" என்றார். கூடையோடு எடுத்துப் போய்விட்டார். பெட்டி காலி. வீடும் சத்தமில்லாமல் இருக்கிறது.

உன் கடிதத்தை நீ இங்கே இருந்தபோதே படித்துவிட்டேன். காற்று இல்லை, நான்தான் பிரித்தது. நீ குளிக்கப் போயிருந்தாய்.

நீ போகப்போகிறாய் என்று எனக்கு முன்பே தெரியும். ரிப்பேர்க் கடையிலிருந்து வரும் நாட்களில் உன் முகம் வேறு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கோபமும் வந்தது. என் மகனுக்குத் துரோகம் செய்கிறாய் என்று நினைக்கவில்லை. அவன் இருந்தால் அவனே உன்னை இப்படி உட்கார்ந்திருக்க விட்டிருக்க மாட்டான். எனக்குப் பயம். நீயும் போய்விட்டால், அவனுக்குக் கத்திரிக்காய் பிடிக்காது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பான் என்பதெல்லாம் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். "என்னை விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. காயில் எங்கே என்று கேட்கத்தான் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் சொல்ல வந்தது இதுதான். அவ்வளவையும் கண்டக்டர் விசிலுக்குள் சொல்லி முடித்திருக்க முடியாது.

இந்த மாதம் முழுக்க ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். நீ இன்னொருவர் வீட்டுக்குப் போன பிறகு நான் உனக்கு என்ன ஆவேன் என்று. மாமியார் என்று சொல்ல முடியாது. சும்மா தெரிந்தவள் என்றும் சொல்ல முடியாது. நேற்று வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது. நீ என்னை அத்தை என்றுதானே கூப்பிடுகிறாய்? அப்பாவின் அக்காவும் அத்தை, தங்கையும் அத்தை. நாலு வீடு தள்ளி இருக்கிறவளையும் பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. இது எந்த வகை அத்தை என்று யாரும் வந்து கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பெண்பிள்ளை என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும். ஏழு வயதுக்கு அந்த உரிமை உண்டு. முட்டைக்குள் குஞ்சு அசைவதை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லி வை.

பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாள் தள்ள வேண்டாம். நான் வருகிற வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் ஏறுகிறேன். சாயந்தரம் வந்து சேரும் என்றார்கள். நிறுத்தத்துக்கு நீ மட்டும் வா. அவரை வீட்டிலேயே இருக்கச் சொல். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்ச நேரம் கோபப்பட வேண்டியிருக்கிறது.

அத்தை